அடுத்த தவணைக்கும் வர வேண்டும்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. கம்பெனியில் வார லீவைப் புதன்கிழமைக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, சிங்காரப்பேட்டையில் ஊசி போடும் இடத்துக்கு உதவியாளாகப் போகத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிந்து வருகிற வயதுப் பிள்ளை, கிடைக்கிற ஒரு நாளையும் கைக்குழந்தைக்காரிகளுக்குக் கொடுக்கிறாய். நன்றாக இரு.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "வேண்டாம்னு திரும்பிப் போறவங்களை எப்படி டீச்சர் சம்மதிக்க வைக்கிறது?" அதிலிருந்தே தொடங்குகிறேன். சம்மதிக்க வைப்பதை உன் வேலையாக எடுத்துக்கொள்ளாதே. அப்படி எடுத்துக்கொண்டால் இன்றைக்கு ஜெயிப்பதற்காக நாளைக்கு உதவாத எதையாவது சொல்லிவிடுவாய். வந்தவர் அடுத்த தவணைக்கும் வரும்படி பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை. போலியோ சொட்டு மருந்து முகாமிலும், 2017இல் பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட்டபோதும், 2021இல் கொரோனா ஊசி வரிசையிலும் நின்று நான் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

ஒரு குழந்தையின் கணக்கைப் பார். பிறந்ததும் பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு. பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட்டும் அதோடு சேர்ந்த மற்றவையும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் மறுபடி. 5 வயதில் ஒன்று, 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. ஒரே பிள்ளைக்காக ஒரு தாய் எத்தனை முறை உங்கள் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது! முதல் முறை அவளை மிரட்டியோ ஏமாற்றியோ ஊசி போட வைத்துவிடலாம். அப்புறம் அவள் வரமாட்டாள். அவள் மட்டுமா, அவள் தெருவே வராது.

நம் பக்கத்தில் தவணை தப்புவதற்குப் பயத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை நீ முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சிங்காரப்பேட்டைப் பெண், கல்யாணமாகி ஓசூரிலோ பெங்களூரு பக்கம் அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ இருக்கிறாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். பிறந்த ஊசியும் ஆறாம் வார ஊசியும் இங்கே. பத்தாம் வாரமும் பெரும்பாலும் இங்கேதான். மூன்றாம் மாதம் முடிகிற நேரத்தில் மாமியார் வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போகிறார்கள். பதினான்காம் வார ஊசி அந்தப் பயணத்தில் விழுந்துபோகிறது. இங்கே இருக்கும் நர்ஸ், அங்கே போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறார். அங்கே இருப்பவருக்கு இப்படி ஒரு குழந்தை தன் தெருவுக்கு வந்திருப்பதே தெரியாது. கர்நாடகத்தில் தாயி கார்டு, நம்மிடம் ஆர்.சி.எச். நம்பர், குழந்தை ஒன்று, பதிவேடு இரண்டு. இதேபோல் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள், அறுவடைக்காகக் கீழே இறங்கி வெளியூர் போகும் ஜவ்வாதுமலைக்காரர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் சிப்காட்டுக்கு வந்து ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள். இவர்களில் யாரும் ஊசிக்கு எதிரிகள் இல்லை. ஊசி நாளன்று அந்த ஊரில் இல்லாதவர்கள், அவ்வளவுதான்.

ஆகவே பெயர் எழுதும் இடத்தில் உன்னை உட்கார வைத்தால், படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் கேள். "அடுத்த மாசம் எங்க இருப்பீங்கக்கா?" ஓசூர் என்று சொன்னால் எந்தத் தெரு, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் போன் எது என்று கேட்டு நர்சிடம் கொடுத்துவிடு. கார்டைத் துணிப்பையின் அடியில் வைக்காமல், குழந்தைத் துணிகளோடு வைத்து எடுத்துப் போகச் சொல். "எந்த ஊர்லயும் இதைக் காட்டினா ஊசி போடுவாங்க, காசு கேட்க மாட்டாங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல். தமிழ்நாட்டு அட்டையைக் கர்நாடகத்தில் வாங்கமாட்டார்களோ என்று தயங்கியே எத்தனையோ பேர் தவணையை விட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு கேள்வியால் காப்பாற்றப்படும் தவணைகள், நீ வாதாடி ஜெயிக்கும் தவணைகளைவிட அதிகம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இனி பயத்துக்கு வருகிறேன்.

ஆறாம் வார ஊசியைத் தாய்மார்கள் "காய்ச்சல் ஊசி" என்றே சொல்வார்கள். பென்டாவேலன்ட் போட்ட அன்று சாயங்காலம் பல குழந்தைகளுக்கு உடம்பு சுடும், தொடை வீங்கும், ராத்திரி முழுக்க அழும். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலை, ஹிப் கிருமி கொண்டுவரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும், இவை எல்லாவற்றையும் எதிர்க்க உடம்பு பழகிக்கொள்வதன் அடையாளம் அது. இதை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போன தாய்க்குச் சாயங்காலக் காய்ச்சல் எதிர்பார்த்த விருந்தாளி. கேட்காமல் போனவளுக்கோ ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்ற எண்ணம்தான் வரும். வீட்டில் மாமியார் வேறு, "நல்லா இருந்த புள்ளைய தூக்கிட்டுப் போய்க் கெடுத்துட்டு வந்துட்டா" என்று சொல்லிவிட்டால், பத்தாம் வாரம் அவள் வருவாளா?

நர்ஸ்களுக்குப் பயிற்சியில் ஊசி போட்டபின் சொல்ல வேண்டிய நான்கு செய்திகள் என்று கற்றுத் தருவார்கள். என்ன ஊசி எதற்காகப் போட்டோம், என்ன தொந்தரவு வரலாம் என்பதும் வந்தால் என்ன செய்வது என்பதும், அடுத்து எப்போது வர வேண்டும், கார்டைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை எடுத்து வர வேண்டும். கூட்டம் சேர்ந்துவிட்டால் முதலில் அடிபடுவது இந்தப் பேச்சுதான். நர்சின் கை ஓயாது. வாய்க்கு நேரம் இருக்காது. அந்த இடத்தில்தான் நீ வேண்டும். காத்திருக்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோமே, அந்த நேரத்தில் ஒவ்வொரு தாயிடமும் போய் அதைச் சொல். காய்ச்சல் மருந்து எவ்வளவு என்பதை நர்ஸ் எழுதிக் கொடுத்தபடிதான் சொல்ல வேண்டும், உன் கணக்கில் சொல்லக் கூடாது. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், பச்சிலை, தைலம் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல். பி.சி.ஜி. போட்ட இடக்கையில் சில வாரம் கழித்து ஒரு கொப்புளம் கிளம்பி, புண்ணாகி, தழும்பு விட்டு ஆறும். அதையும் அன்றைக்கே சொல்லிவிடு. தழும்பு வரும் என்று சொல்லாமல் விட்டதால் டவுனில் தனியார் டாக்டரிடம் போய்ப் பணம் செலவழித்துவிட்டு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

உண்மையை முன்னால் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்களே என்று உனக்குத் தோன்றலாம். சிலர் ஓடுவார்கள். ஓடியவர் திரும்பி வர வழி இருக்கிறது. ஏமாற்றப்பட்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா என்ற கேள்வி இந்த வேலையில் புதிதில்லை. அம்மை குத்துவது இந்தியாவுக்கு வந்தது 1802இல். பசுவுக்கு வரும் அம்மையிலிருந்து எடுத்த பாலை மனிதர் கையில் கீறி ஏற்றுவதென்றால் சாதி, தீட்டு, மாரியம்மன் கோபம் என்று எத்தனை தடைகள் இருந்திருக்கும்! 1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் கல்வி விரும்பன் என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. பசுவின் மடியில் இருக்கும் அம்மைப் பாலை எடுத்துக் கையில் குத்துவது தன்வந்திரி அருளிய பழைய கிரந்தத்திலேயே இருக்கிறது, இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இல்லை என்று சொல்லி, ஒரு சமஸ்கிருத மேற்கோளையும் காட்டியது. அப்படி ஒரு பழைய நூல் எங்கும் இல்லை. சமஸ்கிருத மருத்துவ நூல்களை ஆராய்ந்த டொமினிக் உஜாஸ்டிக், மக்களை இணங்க வைப்பதற்காக நல்லெண்ணத்தோடு புனையப்பட்ட மோசடி அது என்று காட்டியிருக்கிறார். எழுதியவர் உயிர்களைக் காக்க நினைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய் இருநூறு ஆண்டாக நூல்களில் ஏறி, இன்றைக்கும் கைபேசியில் சுற்றுகிறது. அதனால் எத்தனை பேர் கையை நீட்டினார்கள் என்று காட்டத்தான் ஒருவராலும் முடியவில்லை.

அதே காலத்தில் நமக்குப் பக்கத்து மண்ணில் இன்னொன்று நடந்தது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதியே 1792 வரை மைசூர் ராஜ்ஜியத்தில்தான் இருந்தது. அந்த மைசூரில் 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அரண்மனைப் பெண்கள் மூவரை வரைந்தார். அதில் ஒரு பெண் சேலையை லேசாக விலக்கித் தன் மேற்கையைக் காட்டி நிற்கிறாள். மைசூர் அரசியான தேவஜம்மணி அம்மை குத்திக்கொண்டதை ஜனங்களுக்குக் காட்டவே இப்படி வரையப்பட்டது என்று வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் சொல்கிறார். அவர் சொல்வது சரியென்றால், யாரிடமும் எதுவும் புனையாமல், "நான் போட்டுக்கொண்டேன், இதோ என் கை" என்பதோடு அந்த அம்மாள் நிறுத்திக்கொண்டார். நீ அந்த அரசியின் பக்கம் நில். யாராவது தயங்கினால் உன் தங்கை குழந்தைக்கு எப்போது போட்டீர்கள், எத்தனை நாள் காய்ச்சல் இருந்தது என்று நடந்ததை நடந்தபடி சொல். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டாதே. "ஊசி போடலைன்னா ரேஷன் கட்டாயிடும்" என்ற பேச்சை 2021இல் வரிசையில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பயத்தில் வந்து நின்ற கிழவியின் முகம் எப்படி இருந்தது என்பதை உனக்கு எழுத மனம் வரவில்லை. அப்படி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து ஒருநாளும் வரக் கூடாது.

பயப்படுகிறவர்களை அறியாதவர்கள் என்று நினைக்காதே. அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட 4 குழந்தைகள் இறந்தன. கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துதான் போட வேண்டும் என்று மாற்றும் அளவுக்கு அது ஆட்டிவிட்டது. அன்றைக்குக் கைக்குழந்தை வைத்திருந்தவள் இன்றைக்குப் பாட்டியாக உன் முன்னால் நிற்கிறாள். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி, ஜனங்களுக்குத் தைரியம் சொல்வதற்காகவே நடிகர் விவேக் சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு பின்னால் ஆராய்ந்து சொன்னது. பின்னால் என்பதுதான் பிரச்சினை. சாவுச் செய்தி ஒரு மணி நேரத்தில் ஜவ்வாதுமலை அடிவாரம் வரை வந்துவிட்டது. நிபுணர் குழுவின் சொல் வந்து சேர மாதங்கள் ஆயின. நடுவில் இருந்த அந்த மாதங்களில் வரிசை மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் ஊரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

யாராவது உன்னிடம் விவேக் பேரை எடுத்தால், "அதெல்லாம் வதந்தி" என்று தள்ளிவிடாதே. அவர் இறந்தது வதந்தி இல்லை. நடந்ததைத் தேதியோடு சொல், குழு சொன்னதையும் சொல். பிறகு, ஊசி போட்டவுடன் ஒவ்வாமை வந்தால் கவனிக்கத்தான் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம், அதற்கான மருந்து நர்ஸ் மேசையில் தயாராக இருக்கிறது என்று கையால் காட்டு. அபாயமே கிடையாது என்று சொல்கிறவரைவிட, அபாயத்துக்கு என்ன ஏற்பாடு என்று காட்டுகிறவரைத்தான் ஊர் நம்பும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசித் திட்டம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயது வரை, நம் மாநிலத்தில் மட்டும் 1 கோடியே 76 லட்சம் பேருக்குப் போடுவது இலக்கு. தொடங்கிய வாரமே வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பியது. பள்ளி வாசலில் பெற்றோர் வந்து, "எம் புள்ளைக்குப் போடாதீங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பல பிள்ளைகள் அன்று பள்ளிக்கே வரவில்லை. திட்டத்தின் நாளை அரசு நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஓசூர் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கன்னடத்தில் ஒரு புரளி, தமிழில் ஒரு புரளி, இரண்டு பக்கமிருந்தும் வந்தது. அந்த நாட்களில் பெற்றோரை மாற்றியது எந்த நோட்டீஸும் இல்லை. தன் பிள்ளைக்கு முதல் நாளே போட்டுவிட்டு மறுநாள் பள்ளி வாசலில் நின்ற அங்கன்வாடி டீச்சர்கள்தான் மாற்றினார்கள்.

ரூபெல்லா என்றால் என்ன என்று அன்றைக்குப் பாதிப் பேருக்குத் தெரியாது. பெண் பிள்ளைக்கு ஏன், ஆண் பிள்ளைக்கு ஏன் என்று கேட்டார்கள். கர்ப்பிணிக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் வயிற்றுக் குழந்தைக்குக் கண்ணும் காதும் இதயமும் கெட்டுப் பிறக்கலாம். வீட்டில் ஓடி விளையாடும் சின்னப் பையனிடமிருந்துகூட அது அவளுக்குத் தொற்றலாம். அதனால்தான் இருவருக்கும் போடுகிறோம். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். கேட்டவர் வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருக்கக்கூடும்.

அரசாங்கமும் ஜனங்களின் மனசைக் கேட்டு மாறியதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2021 செப்டம்பர் 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க 40,000 இடங்களில் முதல் மெகா முகாம் நடந்தது. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். வாரம்தோறும் ஞாயிறு என்று தொடர்ந்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கையால் ஞாயிற்றுக்கிழமை வர மறுத்தார்கள். அது தவறான நம்பிக்கை என்று மேடை போட்டுத் திட்டிக்கொண்டிருக்காமல், அக்டோபரில் முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்தது. நம் பக்கத்திலும் இப்படிப் பார். மாங்காய் சீசனில் கூழ் பேக்டரிக்கும் தோப்புக்கும் போகிற பெண்களால் பதினோரு மணிக்கு வர முடியாது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டு, வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், அந்த வீட்டிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கி வரமாட்டார்கள். தண்ணீர் ஊற்றும் வரை காத்திரு. ஊற்றிய வாரத்தில் போய், "அம்மா இறங்கியாச்சாக்கா? வர்ற புதன்கிழமை பாப்பாவ எடுத்துட்டு வாங்க" என்று சொன்னால் வருவார்கள். நம்பிக்கையை மாற்றத் தேவையில்லாத இடத்தில் கிழமையை மாற்று.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே. கோவிஷீல்டு இரண்டாம் தவணை முதலில் 28 நாளில் என்றார்கள். 2021 மார்ச்சில் 6 முதல் 8 வாரம் ஆனது. மே மாதம் 12 முதல் 16 வாரம் என்று மறுபடி மாறியது. ஆராய்ச்சி முன்னேறும்போது கணக்கு மாறும், தட்டுப்பாடும் கணக்கை இழுக்கும். ஆனால் வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் ஏறி வந்தவருக்கு அது எப்படிப் புரியும்? "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க" என்பது நியாயமான கோபம். அந்த ஜூன் தொடக்கத்தில் மாநிலம் முழுக்கவே ஊசி கையிருப்பு தீர்ந்து, மையங்கள் பூட்டிக் கிடந்தன. அப்போது நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், டோக்கன் முடியும் இடத்தைக் காலையிலேயே எண்ணிப் பார்த்து, வரிசையின் பின்பக்கம் நடந்துபோய், "இதுக்கு மேல இன்னைக்குக் கிடைக்காதுங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று முகம் பார்த்துச் சொன்னதுதான். முன்பக்கத்திலிருந்து கத்தாதே. பின்னால் நடந்து போ. திட்டுவார்கள், வாங்கிக்கொள். மத்தியானம் வரை நிற்க வைத்துவிட்டு இல்லை என்றால் அவர்கள் அடுத்த வாரம் வருவார்களா, சொல்!

இன்னொரு கோபமும் உன்மேல் விழும். ஒரு குப்பியில் பல பேருக்கு மருந்து இருக்கும். பி.சி.ஜி.யும் தட்டம்மை மருந்தும் கரைத்த 4 மணி நேரத்துக்குள் தீர வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரே குழந்தை வந்திருந்தால் நர்ஸ் இன்னும் சிலரை எதிர்பார்த்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார். தாய்க்கு, நம்மை வேண்டுமென்றே உட்கார வைக்கிறார்கள் என்று தோன்றும். குப்பியின் கதையை அவளுக்குச் சொல்லிவிட்டு, நீ போனை எடுத்துப் பட்டியலில் இருக்கும் மற்ற தாய்மாரைக் கூப்பிடு.

மருந்துப் பெட்டியைத் தூக்கும் வேலை உனக்கு வரும். அதற்கான சங்கதி: ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடாதே. பென்டாவேலன்ட், மஞ்சள் காமாலை ஊசி, டி.டி. போன்றவை உறைந்தால் கெட்டுவிடும். அதனால்தான் ஐஸ் பேக்கை பிரீசரிலிருந்து எடுத்தவுடன் வைக்காமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை வெளியில் வைத்துவிட்டு அடுக்குவார்கள். குப்பி மேலே ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருக்கும் வரை மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் போடக் கூடாது. யாராவது படித்த அப்பா, "மருந்து வெயில்ல கெட்டுப்போகலைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், நர்சைக் கேட்டு அந்தச் சதுரத்தைக் காட்டச் சொல். கேட்பவரைச் சந்தேகப் பிராணி என்று நினைக்காதே. அவர் கேட்டதைக் கேட்டு நாலு பேர் தெளிவார்கள். பெட்டியை மட்டும் நிழலில் வை, வேடிக்கைக்குத் திறக்காதே.

நீ ஆண்பிள்ளை என்பதால் சில விஷயங்கள். காத்திருக்கும் இடத்தில் குழந்தை அழுதால் தாய் பால் கொடுப்பாள். ஒரு மூலையைத் துணி கட்டி மறைத்துக் கொடு, உன் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள். முகாம் நன்றாக நடந்ததென்று காட்டப் போட்டோ எடுக்கும் ஆசை வரும். தாய், குழந்தை, கார்டு எதுவும் அதில் விழக் கூடாது. யார் எந்த ஊசிக்கு வந்தார், யார் வேண்டாம் என்று போனார் என்பதை டீக்கடையில் சொல்லாதே. திரும்பிப் போனவர் பேர் ஊரில் பரவிவிட்டால், மானத்துக்காகவே மறுபடி வரமாட்டார். ஊசியைத் தொடாதே, யாராவது "இதப் பிடி தம்பி" என்று சொன்னாலும். காய்ச்சலோடு வந்த குழந்தை, போன முறை உடம்பு வீங்கிய குழந்தை என்று யாராவது சொன்னால் நீ முடிவு சொல்லாமல் நேராக நர்சிடம் அனுப்பு.

வளர்ந்த பெண் பிள்ளைகளுக்குப் போடும் நாளில் தனிக் கவனம் வேண்டும். 10 வயது, 16 வயது டி.டி. ஊசி பள்ளியில் போடுவார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 14 வயதுப் பெண்களுக்கு இலவசமாகப் போட 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. காலையில் சாப்பிடாமல் வரும் ஒரு பெண் மயங்கி விழுவாள். அதைப் பார்த்த பயத்திலேயே இன்னும் நாலு பேர் விழுவார்கள். ஊசியால் வருவது இல்லை அது. பசியும் பயமும் சேர்ந்து செய்வது. ஆனால் மறுநாள் தாலுகா முழுக்கப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதனால் சாப்பிட்டாயா என்று ஒவ்வொருத்தியையும் கேள், பிஸ்கட்டும் தண்ணீரும் வை, உட்கார வைத்துப் போடச் சொல், போட்டவர்களை வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படாத பக்கம் உட்கார வை. எச்.பி.வி. பற்றி, "கல்யாணத்துக்கு முன்னாடி இது எதுக்கு?" என்று தாய்மார் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீ இல்லை. சிஸ்டரோ டீச்சரோ தனியாக உட்கார்ந்து சொல்லட்டும். எப்போது விலகி நிற்க வேண்டும் என்று தெரிந்த உதவியாளைப் பெண்கள் மதிப்பார்கள்.

இந்தி தெரியாதே என்று கவலைப்பட்டிருந்தாய். உன் லைனில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பையன்களைக் கேள். "ஊசி, காய்ச்சல், நாளை மறுநாள், நாலு வாரம் கழித்து" என்று நாலைந்து வார்த்தை எழுதி வாங்கிக்கொள். தெலுங்கும் உருதும் உன் தெருவிலேயே கிடைக்கும். தாயின் மொழியில் அடுத்த தேதியைச் சொல்லிவிட்டால் போதும்.

நர்சிடம் கோபித்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். அவர் உன்னை அதட்டியிருக்கலாம். ஆனால் அவர் மேசையை ஒரு நாள் பார். பதிவேடு ஒன்று, கம்ப்யூட்டர் பதிவு ஒன்று, கர்ப்பிணிக் கணக்கு, ரத்த அழுத்தம், கூடவே தொலைதூரக் குக்கிராமங்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம் மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அன்றைய முதலமைச்சர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் அந்தப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் புதுக்குழந்தை வந்திருக்கிறது என்பது உனக்கு முன்னால் தெரியும். அவர்களோடு பழகு. உன் பகுதியில் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பேரை அவர்களிடமிருந்து வாங்கி நர்சிடம் கொடு. அப்படி ஒரு பட்டியல் கையில் வந்த அன்றைக்கு அவர் அதட்டல் நின்றுவிடும். அதட்டல் நிற்காவிட்டாலும் குழந்தைகள் வந்துவிடுவார்கள்.

வரும் புதன்கிழமை எட்டரை மணிக்கே போய்விடு. போனதும் அன்றைக்கு வர வேண்டிய குழந்தைகளின் பட்டியலை வாங்கி, போன வாரம் வராதவர்களுக்கு முதலில் போன் செய். மாமியார் எடுத்தால் மாமியாரிடமே பேசு, மருமகளைக் கூப்பிடச் சொல்லாதே. முடிவு பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். யாராவது ஓசூருக்கோ அத்திப்பள்ளிக்கோ போய்விட்டதாகச் சொன்னால், அந்தப் பகுதி ஆஸ்பத்திரியில் எந்த நாள் ஊசி போடுகிறார்கள் என்று விசாரித்துத் திரும்பக் கூப்பிட்டுச் சொல். ஷிப்ட் மாறி அடுத்த மாதம் உன்னால் வர முடியாது போலிருந்தால், இப்போதே ஒருவரை அழைத்துப் போய்ப் பழக்கிவிட்டு, நர்சிடமும் சொல்லிவிட்டு நில்.

அன்புடன்,
உன் டீச்சர்